இஷாவுக்குப் பின் ஒரு கேரம் பலகை



கேரம் விளையாட்டில் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. குறுக்களவு 4.13 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தந்தத்தாலோ உலோகத்தாலோ செய்யப்பட்டிருக்கவும் கூடாது. பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பின் விதி இது. அந்தக் கூட்டமைப்பு 1988-இல் நமது சென்னையில்தான் தொடங்கப்பட்டது. இந்த அளவுகளையெல்லாம் நாம் மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்டு, மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கு இது எதற்கு என்று புருவம் உயர்த்துவோர் உண்டு. அவர்களுக்கான பதிலைப் பிறகு சொல்கிறோம். முதலில் விளையாட்டைப் பற்றிப் பேசிவிடுவோம்.

நமது குடியிருப்பு ராஜபாளையம், ஓதிக்கொடுப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பேருந்தில் ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். வாரத்தில் மூன்று நாள், இஷாத் தொழுகைக்குப் பின், நண்பர் ஒருவரின் துணிக்கடை மாடியில் நான்கைந்து பேர் கூடுகிறோம். பத்து மணிக்குக் கடைக்காரர் விளக்கை அணைத்துவிடுவார். ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி, அணைத்துவிடுவார். சுப்ஹுக்கு எழ வேண்டியவர்களுக்கு அது பெரிய உதவி.

இந்த மாடியில் பாதிப் பேச்சு விளையாட்டைப் பற்றியது அன்று, விளையாட்டுப் பொருள்களைப் பற்றியது. பலகையின் ஆடுபரப்பு 73.5 முதல் 74 சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும். ஒட்டுப்பலகையின் கனம் 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நம் வீடுகளில் கட்டிலுக்கடியில் தூங்கும் பலகைகள் பெரும்பாலும் இதில் பாதிக் கனம்கூட இல்லாதவை. ஒரு மழைக்காலம் கடந்தால் நடுவில் பள்ளம் விழுந்து, காய்கள் தாமாகவே நடுவட்டத்தை நோக்கி நகரத் தொடங்கிவிடும். நல்ல பலகையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு விசையோடு அடித்தால், அது எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி, மீண்டும் மோதி, மூன்றரை முறை குறுக்கே போய்வர வேண்டும். துணிக்கடை மாடிப் பலகை கோடையில் இந்தச் சோதனையில் தேறிவிடும். ஐப்பசியில் இரண்டரையைத் தாண்டாது.

காற்றில் ஈரம் ஏறிவிட்டால் எந்தப் பவுடரும் உதவாது. ஆனி, ஆடியில் குற்றாலப் பக்கம் சாரல் பிடிக்கும்போதே நமது ஊரிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் காற்று ஈரமாகிவிடுகிறது. அந்த நாள்களில் ஸ்ட்ரைக்கர் பலகையில் ஒட்டிக்கொண்டு நகர்வதுபோல் இருக்கும். பலகைக்கு நேர் மேலே குண்டு பல்பு தொங்கவிடுவது வெளிச்சத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தவர்கள், அந்தச் சூட்டில் பலகை காய்வதைக் கண்டதும் எல்.இ.டி. விளக்குக்கு மாறும் எண்ணத்தைக் கைவிட்டார்கள். பவுடரைத் துடைக்க நாம் பயன்படுத்துவது சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணி. ராஜபாளையத்தை ஒட்டிய அந்த ஊரிலிருந்து மருத்துவமனைகளுக்குப் போகும் துணி, நமது மாடியில் போரிக் பவுடரைத் துடைக்கிறது. கடையில் விற்கும் எந்தத் துணியையும்விட அது நன்றாகத் துடைக்கிறது. நூல் பிரிந்து பலகையில் ஒட்டுவதுமில்லை.

ஸ்ட்ரைக்கர் விஷயத்தில்தான் மனிதர்களின் உள்ளம் வெளிப்படுகிறது. நமது குழுவில் ஒரு தம்பியிடம் ஏழு ஸ்ட்ரைக்கர்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் வெல்வெட் உறை. தோற்ற நாளில் ஸ்ட்ரைக்கரை மாற்றுவார். வென்ற நாளில் அதற்கு நன்றி சொல்வார். துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர் ஒருவர், அங்கும் இதே கதைதான் என்கிறார். ஆண்டுதோறும் புதிய மட்டை வாங்கும் செல்வந்தர்கள், பழைய மட்டையால் பந்தை எந்தக் குளத்தில் விழச் செய்தார்களோ அதே குளத்தில்தான் புதிய மட்டையாலும் விழச் செய்கிறார்களாம். மட்டைக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் விலை வேறுபாடு மிகப் பெரிது. ஆசை மட்டும் ஒரே அளவு.

நல்ல பொருளை விரும்புவது தவறு என்று நாம் சொல்லவில்லை. கனமான பலகை தேவைதான். விளிம்பு தேய்ந்த ஸ்ட்ரைக்கர் நேராகப் போகாது. ஆனால் தேவை ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. நம்மிடம் இருப்பது ஒரே ஸ்ட்ரைக்கர். வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஐயம் தீர, நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 14.6 கிராம். போதும்.

ஸ்ட்ரைக்கரைவிட ஆட்டத்தை மாற்றுவது நகம் என்பது நமது அனுபவம். ஆள்காட்டி விரலின் நகம் ஒரு நூலளவு நீண்டிருந்தால் அடி கூர்மையாகப் போகும். ஒட்ட வெட்டியிருந்தால் சதை பட்டு மந்தமாகும். நாம் வெள்ளிக்கிழமைதோறும் நகம் வெட்டுகிறவர்கள். ஆகவே வெள்ளி இரவு ஆட்டத்தில் நம்மோடு ஜோடி சேர யாரும் முன்வருவதில்லை.

இனி, முன்னேற்றம். நாற்பதைக் கடந்தவர்களுக்கு இந்தச் சொல்லே சற்றுக் கூச்சம் தருவது. ஆயினும் கடந்த மூன்று ஆண்டுகளில் நமது ஆட்டம் தேறியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அதற்குக் காரணம் ஒரு மனிதர். நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். எல்லாரும் அண்ணாச்சி என்று அழைக்கிறோம். அவர் நம்மைப் ‘பாய்’ என்பார். இளமையில் மில் அணிக்காக ஆடியவர். முதல் நாள் நமது ஆட்டத்தை ஒரு மணி நேரம் பேசாமல் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: “பாய், நீங்க விழுந்த காயப் பாக்குறீங்க. விழாத காயப் பாருங்க.”

இதன் பொருள் விளங்க நமக்குப் பல மாதங்கள் ஆயின. கேரத்தில் ஒவ்வோர் அடிக்கும் பிறகு ஸ்ட்ரைக்கரை எடுத்து மீண்டும் அடிக்கோட்டில் வைக்கிறோம். ஆகவே ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கிறது என்பது பொருட்டன்று. ஆனால் குழியில் ஒரு காயைத் தள்ளிவிட்டு அது போகும் வழியில் வேறெந்தக் காயை உரசுகிறது, மூடிக்கிடந்த எது திறக்கிறது, எதிராளியின் எந்தக் காய்க்கு நாமே வழி செய்துகொடுக்கிறோம் என்பதெல்லாம் பொருட்டு. அடித்த காய் விழுந்த மகிழ்ச்சியில் பலரும் இதைப் பார்ப்பதில்லை. விசையோடு அடித்து நடுக்கூட்டத்தைச் சிதறடிக்கும்போது சத்தம் நன்றாக இருக்கும், பார்ப்பவர் கைதட்டுவர். எதிரே இருப்பவர் பேசாமல் நான்கு காய்களைத் தொடர்ந்து எடுத்துவிடுவார். ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போட முடியாமல் அதைத் திரும்ப நடுவில் வைக்கும் அவலமும் இதே காரணத்தால் வருவதுதான். ரெட்டை அடிக்கும் முன்பே ஃபாலோவுக்கான காய் எது என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி கொடுத்த பயிற்சியோ மிக அலுப்பானது. குழியிலிருந்து ஒரு சாண் தொலைவில் ஒரு காய். அதன் பக்கத்தில் இன்னொரு காய். முதலாவதை விழச் செய்ய வேண்டும். இரண்டாவது அசையக் கூடாது. இருபது முறை தொடர்ந்து செய்தால் இரண்டாவதை வேறிடத்தில் வைப்பார். பத்தொன்பதாவது முறை அசைந்தால் முதலிலிருந்து. ஹிஃப்ழு மாணவர்களுக்கு ஒரு பக்கத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும்வரை அடுத்த பக்கம் கொடுக்காத நாம், அந்தப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் எரிச்சலை அப்போதுதான் முழுமையாக அறிந்தோம்.

இப்போது திரைக்கு வருவோம். கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் இருப்பதுபோல் கேரத்துக்கெனத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றும் இல்லை. யூடியூப்தான் கேரத்தின் தொலைக்காட்சி. நாமும் பார்க்கிறோம், பேருந்துப் பயணத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். பார்த்துப் பார்த்து ஒன்றைக் கவனித்தோம். அங்கே கேமரா பெரும்பாலும் பலகைக்கு நேர் மேலே இருக்கிறது. சதுரம் சதுரமாகவே தெரிகிறது. நான்கு குழிகளும் ஒரே தொலைவில் உள்ளன. எந்தக் காய் எந்தக் கோணத்தில் போகும் என்பது குழந்தைக்கும் விளங்கும். ஆனால் நாற்காலியில் அமர்ந்தவருக்குப் பலகை அப்படித் தெரிவதில்லை. எதிர்ப்பக்கக் காய்கள் ஒன்றின் பின் ஒன்றாக மறைந்து நிற்கும். நமது பக்கத்துக் குழிகள் இரண்டும் முழங்கைக்கு அருகே ஒதுங்கிக் கிடக்கும். விதிப்படி ஆட்டத்தின் நடுவே எழுந்து நின்று பார்க்கவும் முடியாது, நாற்காலியை நகர்த்தவும் முடியாது. ஆகவே மேலிருந்து பார்த்துக் கற்றதை, உட்கார்ந்த கண்ணுக்கு மொழிபெயர்க்கும் வேலை மீதமிருக்கிறது. அந்த வேலையைக் காணொளி செய்துதராது.

இன்னொன்று, வெட்டி ஒட்டிய சிறு காணொளிகளில் யாரும் தவறவிடுவதே இல்லை. முதல் கையிலேயே ஒன்பது காய்களையும் ரெட்டையும் முடித்துவிடும் ‘ஒயிட் ஸ்லாம்’ அங்கே நிமிடத்துக்கு ஒன்று நடக்கிறது. நமது மாடியில் இத்தனை ஆண்டுகளில் ஒரே முறை நடந்தது. அண்ணாச்சி செய்தார், செய்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். முழு ஆட்டத்தையும் வெட்டாமல் பதிவேற்றும் போட்டிப் பதிவுகளும் உண்டு. அவற்றைப் பார்ப்போர் குறைவு. உலக அளவில் ஆடுகிறவர்கள் எளிய காயைத் தவறவிட்டபின் முகத்தில் எதையும் காட்டாமல் விரலைத் துடைத்துக்கொள்வதை அங்கேதான் காண முடியும். கற்க வேண்டுமானால் அதைப் பாருங்கள் என்பது நமது பரிந்துரை.

கைபேசிச் செயலிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மஃரிபுக்குப் பின் ஓத வரும் சிறுவர்களிடம் கேரம் தெரியுமா என்றால் எல்லாக் கைகளும் உயர்கின்றன. பலகையில் ஆடியிருக்கிறீர்களா என்றால் பாதி இறங்கிவிடுகின்றன. “ஹஜ்ரத், எங்கிட்ட தங்க ஸ்ட்ரைக்கர் இருக்கு” என்று ஒரு மாணவன் பெருமையோடு சொன்னான். செயலியில் வாங்கியது. வாங்கித் தரச் சொல்லிப் பார்த்தோம். அங்கே ஸ்ட்ரைக்கருக்கு விசை, குறி, நேரம் என்று தனித்தனி மதிப்பெண். அடிக்கும் முன் காய் எங்கே போகும் என்று திரையில் ஒரு கோடு தெரிகிறது. விலையுயர்ந்த ஸ்ட்ரைக்கர் வாங்கினால் அந்தக் கோடு நீள்கிறது.

நாம் திகைத்தது இங்கேதான். வெல்வெட் உறைத் தம்பி ஆண்டுக்கணக்கில் நம்பி ஏமாந்த ஒன்று, செயலிக்குள் உண்மையாகவே நடக்கிறது. காசு கொடுத்தால் குறி திருந்துகிறது. அதில் பழகிய சிறுவனை உண்மைப் பலகையின் முன் அமர்த்தினால், “கோடு எங்கே?” என்பதுபோல் விழிக்கிறான். ஒரு வாரத்தில் சலித்துப்போய்க் கைபேசிக்குத் திரும்புகிறான். தவறு அவனுடையதன்று. முயற்சியால் மட்டுமே வரும் ஒன்றைப் பணத்தால் வருவதாக அவனுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

போதாக்குறைக்கு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நாணயங்களைப் பந்தயமாக வைத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். வென்றவன் இருவருடையதையும் எடுத்துக்கொள்கிறான். அது வெறும் திரை நாணயம், திரும்பப் பணமாகாது என்பர். சரி. ஆனால் தீர்ந்துபோனால் அதை வாங்குவது அத்தாவின் வங்கிக் கணக்கிலிருந்து. இணையவழிப் பணவிளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தமிழ்நாடு அதற்கு முன்பே 2022-இல் தனிச்சட்டம் இயற்றியது. சட்டம் எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். பத்து வயதில் பந்தயம் வைத்துப் பழகும் கையைப் பற்றியே நமது கவலை.

முதலில் ஒத்திவைத்த பதிலுக்கு இதுவே பொருத்தமான இடம். கேரம் ஆடலாமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெறுப்பவர்களும் உள்ளனர், பந்தயம் இல்லாமலும், தொழுகையையும் கடமைகளையும் மறக்கச் செய்யாமலும் இருந்தால் தடையில்லை என்போரும் உள்ளனர். நாம் இரண்டாவது கருத்தில் நிற்கிறோம். நிற்பதால் அதன் நிபந்தனைகளையும் முழுதாக ஏற்கிறோம். தேநீர்ப் பந்தயம்கூட அந்த மாடியில் கிடையாது. தேநீர் முறைவைத்து வாங்கப்படுகிறது.

நமது சமுதாய வீடுகளில் 2024 நவம்பருக்குப் பிறகு கேரத்தின் மதிப்பு உயர்ந்துவிட்டது. அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னையைச் சேர்ந்த காசிமா, பெண்கள் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றார். அப்போது வயது 17. தந்தை ஆட்டோ ஓட்டுநர். அவருக்கு முன்பே வடசென்னை இந்த வழியை அறியும்: வியாசர்பாடியின் இளவழகி, மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள், 2008-இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். இன்னும் முன்னால் மரிய இருதயம், 1991-இலும் 1995-இலும் உலக வாகையர். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர். இவர்களுள் எவரும் விலையுயர்ந்த பொருளைக் கொண்டு மேலே வந்தவர் அல்லர். காசிமாவின் படம் செய்தித்தாளில் வந்த நாளில் நமது இளைய மகள் அதை வெட்டி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினாள்.

அவளைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை முடியாது. ஒன்பதாம் வகுப்பு. மழைநாளில் பொழுதுபோக்காக நாம் சொல்லிக்கொடுத்தது. ஓராண்டில் நம்மைத் தோற்கடித்தாள். அதன்பின் நம்மால் மீள முடியவில்லை. “அத்தா, ரெட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஃபாலோவப் பாக்கலயா?” என்று அண்ணாச்சியின் பாடத்தையே நமக்குத் திருப்பிச் சொல்கிறாள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடி, ஒருமுறை தோற்று, பின்னொருமுறை வென்று, அதற்கு இது சரியாகிவிட்டது என்று வேடிக்கையாகக் கூறியதாக ஹதீஸில் வருகிறது. நமக்கு அந்தப் பின்னொருமுறை இன்னும் வரவில்லை.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு போட்டிக்கான அறிவிப்பை அண்ணாச்சி கொண்டுவந்தார். பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. மகள் பெயர் கொடுக்க நின்றாள். அறிவிப்பைப் படித்தோம். நுழைவுக் கட்டணத்தைத் திரட்டி, அதையே முதல் இரண்டு இடங்களுக்குப் பரிசாகக் கொடுப்பது ஏற்பாடு. ஆடுகிறவர்கள் எல்லாரும் பணம் போட்டு, வென்றவர் அதை எடுத்துச்செல்வது நாம் தவிர்க்கச் சொல்லிக் கற்பிக்கும் அதே வடிவம். தொகை சிறிது என்பதால் அது மாறிவிடாது. அனுப்ப இயலாது என்றோம். “எல்லாரும் போறாங்களே அத்தா” என்றாள். இரண்டு நாள் பேசவில்லை. படம் மட்டும் கதவில் இருந்தது.

உறவினர் சிலர், பெண்பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பாததே நல்லது என்று நம்மைப் பாராட்ட வந்தார்கள். அந்தப் பாராட்டு நமக்கு வேண்டியிருக்கவில்லை. பெண்பிள்ளை என்பதால் நாம் மறுக்கவில்லை. அமர்ந்து ஆடும் ஆட்டம்; உடையில் எந்தச் சமரசமும் தேவையில்லை; தாய் உடன் செல்லலாம். தடையாக இருந்தது பணத்தின் வழி ஒன்றே. அதை மகளிடம் தனியாக உட்கார்ந்து விளக்கினோம். பலகையை நடுவில் வைத்துக்கொண்டு விளக்கியதால் பாதியில் எழுந்து போகவில்லை.

அண்ணாச்சியிடமும் அதையே சொன்னோம். அவர் வாதிடவில்லை. “அப்ப காசு வேற இடத்துலேருந்து வந்தா சரியா பாய்?” என்று மட்டும் கேட்டார். ஆடாத ஒருவர் மனமுவந்து பரிசளித்தால் அதில் தடையில்லை என்றோம். ஒரு மாதம் கழித்து வேறொரு போட்டியின் அறிவிப்போடு வந்தார், இம்முறை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே. நுழைவுக் கட்டணம் மண்டப வாடகைக்கும் பவுடருக்கும் மட்டும். பரிசுத் தொகை பால்கோவாக் கடைக்காரர் ஒருவரின் நன்கொடை. அவரிடம் எப்படிப் பேசினார் என்று கேட்டோம். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முதல் சுற்று. லுஹருக்கு இடைவேளை உண்டா என்று விசாரித்தோம். ஒன்று முதல் இரண்டு வரை மதிய உணவு நேரம், அருகிலேயே பள்ளிவாசல். மகளோடு தாய் செல்கிறார். நமது 14.6 கிராம் ஸ்ட்ரைக்கரைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். புதிது வாங்கித் தரவா என்றதற்கு, கைக்குப் பழகியதே போதும் என்றாள். நமக்கு அன்று காலை வகுப்பு இருக்கிறது. முடித்துவிட்டு மதியச் சுற்றுக்கு வந்துவிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.

“நீங்க வராம இருந்தா இன்னும் நல்லா ஆடுவேன் அத்தா” என்கிறாள்.